மொய்க்கும் படையின் கணக்கு: மலிவான வீரர்கள் விலையுயர்ந்த படையை எப்படிச் சாய்க்கிறார்கள்?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் என்று இராமநாதபுரம் கரை நெடுகிலும் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில், வலை பொத்தும் நிழலிலும் தேநீர்க் கடைத் திண்ணையிலும் இளைஞர்களின் கைப்பேசிகளில் ஓடும் போர் விளையாட்டுகளுக்கு மட்டும் ஓய்வு கிடைப்பதில்லை. அங்கே தோற்றவர் வாயிலிருந்து அடிக்கடி எழும் முறையீடு இது: “என்ன மாப்ள, இன்னும் சுவரே எழும்பல, அதுக்குள்ள குட்டி குட்டியா அம்பது பேர அனுப்பிட்ட. இதெல்லாம் ஒரு ஆட்டமா?”

இதே கேள்வி வேறு உருவத்தில் செய்திகளிலும் வருகிறது. 2025 மே மாத இந்திய–பாகிஸ்தான் மோதலின்போது ஆளில்லா விமானங்கள் கூட்டங்கூட்டமாக ஏவப்பட்டதாகச் சொல்லப்பட்ட நாட்களில், ‘ஸ்வார்ம்’ (மொய்க்கும் கூட்டம்) என்ற சொல் தொலைக்காட்சி விவாதங்களில் விளக்கம் எதுவும் இல்லாமல் புழங்கியது. உச்சிப்புளியில் 2009 முதல் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கும் இம்மாவட்டத்துக்கு ஆளில்லா விமானம் புதிதல்ல. ஆனால் மலிவான பல, விலையுயர்ந்த சிலவற்றை ஏன் திணறடிக்கின்றன என்ற கணக்கு பலருக்கும் குழப்பமாகவே இருக்கிறது. அந்தக் கணக்கைப் பிழையில்லாமல் போட்டுப் பார்க்க மிக எளிய களம் கணினி விளையாட்டுதான். அங்கே ஒவ்வொரு வீரனுக்கும் விலையும் உயிரும் எண்ணாகவே எழுதப்பட்டிருக்கின்றன.

திண்ணைக் கேள்விக்குப் பதில்: ஆட்டம்தான். ஆனால் எண்ணிக்கை தானாக வெற்றி தருவதில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, ஒரே நொடியில் எத்தனை கை ஓங்கியது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

முதலில் சில சொற்கள்

1. நிகழ்நேர உத்தி விளையாட்டு: சதுரங்கத்தைப் போல முறை வைத்துக் காய் நகர்த்தாமல், இருவரும் ஒரே நேரத்தில் தாது, மரம், உணவு போன்றவற்றைத் திரட்டி, கட்டடம் எழுப்பி, படை பெருக்கி மோதும் விளையாட்டு. 1992-இல் வந்த டியூன் 2 இந்த வகைக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தது.

2. யூனிட்: களத்தில் தனியாக நகரும் ஓர் உறுப்பு. வாள்வீரன், டாங்கி, கப்பல், தாது அள்ளும் தொழிலாளி எல்லாமே யூனிட்தான். ஒவ்வொன்றுக்கும் விலை, உயிர்ப்புள்ளி, அடி, கவசம் என்று நான்கு எண்கள் முக்கியம்.

3. ரஷ்: எதிரி தயாராகும் முன்பே பாய்வது. இதன் உயிர்நாடி நேரம்.

4. மொய்ப்பு: மலிவான யூனிட்டைப் பெருந்திரளாக அனுப்புவது. ஆடுபவர்கள் ‘ஸ்பாம்’ என்பார்கள். இதன் உயிர்நாடி எண்ணிக்கை. (கல்யாண வீட்டு மொய்க்கும் இதற்கும் வேர் ஒன்றே என்று தோன்றுகிறது; பலர் சிறிது சிறிதாகப் போடுவது பெருந்தொகையாகும் கதைதான் இரண்டும்.)

ரஷ்ஷும் மொய்ப்பும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1996-இல் வந்த ரெட் அலர்ட்டில் பேர்பெற்ற ‘டாங்கி ரஷ்’ கனமான டாங்கிகளைத் திரட்டிக்கொண்டு பாய்வது. அதில் மலிவு இல்லை. ஆட்டத்தின் நாற்பதாவது நிமிடத்தில் நானூறு பேரை அனுப்புவது மொய்ப்பு. அதில் முந்துதல் இல்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில் பிறந்ததுதான் உலகெங்கும் பழமொழியாகிப் போன ‘ஜெர்க் ரஷ்’.

ஒரு ஜெர்க்ளிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால்

பிளிஸார்ட் நிறுவனம் 1998 மார்ச்சில் வெளியிட்ட ஸ்டார்கிராஃப்ட்டில் மூன்று இனங்கள் உண்டு: மனிதர்களான டெர்ரன், தொழில்நுட்பத்தில் முதிர்ந்த புரோட்டாஸ், பூச்சிக் கூட்டம் போன்ற ஜெர்க். ஜெர்க் இனத்தின் கடைநிலைப் போராளி ஜெர்க்ளிங். ஒரு முட்டையிலிருந்து இரண்டு பிறக்கும். இரண்டுக்கும் சேர்த்து விலை 50 தாது. ஒன்றின் உயிர் 35, ஒரு கடிக்கு அடி 5. அதே ஆண்டின் இறுதியில் வந்து இன்றுவரை ஆடப்படும் புரூட் வார் பதிப்பிலும் இவை மாறவில்லை.

எதிரே புரோட்டாஸ் இனத்தின் வாள்வீரன் ஜெலட். விலை 100. உயிரும் அதைப் போர்த்திய காப்பும் சேர்த்து 160. இரு கைகளிலும் வாள். ஒரு வீச்சுக்கு எட்டும் எட்டும் பதினாறு. ஆக, ஒரு ஜெலட்டின் விலைக்கு நான்கு ஜெர்க்ளிங்குகள் கிடைக்கின்றன. நான்கின் உயிரைக் கூட்டினால் 140, ஜெலட்டைவிடக் குறைவு. ஆனால் நான்கும் ஒருமுறை கடித்தால் 20, ஜெலட்டின் வீச்சைவிட அதிகம். மேலும் ஜெலட் ஒருமுறை வாள் வீசி மீள்வதற்குள் ஜெர்க்ளிங் இரண்டு முறைக்கு மேல் கடித்துவிடும். திறந்த வெளியில் நான்கும் நான்கு பக்கம் சூழ்ந்துகொண்டால், காசுக்குக் காசு யார் பக்கம் இலாபம் என்பது வெளிப்படை.

‘நான்கும் சூழ்ந்துகொண்டால்’ என்ற நிபந்தனை இங்கே சாதாரணமானதல்ல. அதை ஒதுக்கிவிட்டுப் பார்ப்பவர்கள்தான் மொய்ப்பை வெல்லவே முடியாத உத்தி என்று நம்பிவிடுகிறார்கள்.

எண்ணிக்கை இரண்டு முறை எண்ணப்படுகிறது

பிரிட்டிஷ் பொறியாளர் பிரெடரிக் லாஞ்செஸ்டர், முதல் உலகப் போர்க் காலத்தில் விமானப் படையின் பயனை ஆராய்ந்தபோது, படைகளின் வலுவைக் கணக்கிட இரண்டு விதிகளை வகுத்தார். அவற்றில் புகழ்பெற்றது வர்க்க விதி. அது சொல்வது இவ்வளவுதான்: எல்லோரும் எல்லோரையும் அடிக்க முடிகிற திறந்த களத்தில், ஒரு படையின் வலு என்பது தனி வீரனின் தரத்தை எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கியது.

ஏன் வர்க்கம்? எண்ணிக்கை இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. ஆள் கூடினால் எதிரியின் மேல் விழும் அடி கூடுகிறது. அதே வேளையில் எதிரி கொடுக்கும் அடி அதிகம் பேருக்குப் பங்காகிறது. இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று பெருக்குகின்றன. ஒரு பக்கம் ஆள் குறையக் குறைய, அந்தப் பக்கம் இன்னும் வேகமாகக் குறையும்.

எடுத்துக்காட்டுகளைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. சம வலுவுள்ள 20 பேரும் 10 பேரும் மோதுகிறார்கள். 400-இலிருந்து 100 போனால் 300. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 17. அதாவது 10 பேரை அழிக்க 20 பேர் கொண்ட படை இழப்பது மூன்று பேரை மட்டுமே. பாதிப் படை பாதிச் சேதத்தையாவது கொடுக்கும் என்று நம் மனம் போடும் கணக்கு இங்கேதான் பிசகுகிறது.

2. இப்போது 20 பேருக்கு எதிரே 14 பேர். ஒன்றாகப் போனால் 400-இலிருந்து 196 போக 204. ஏறத்தாழ 14 பேர் உயிரோடு மீள்வார்கள். அதே 20 பேரைப் பத்துப் பத்தாக இரண்டு தவணையில் அனுப்பினால்? முதல் பத்து முழுதாக அழியும். எதிரியில் ஏறத்தாழ பத்துப் பேர் மிஞ்சுவர். இரண்டாவது பத்து அவர்களோடு மோதி, கடைசியில் இரண்டு பேர் நிற்பார்கள். ஆள் அதே, எதிரி அதே. மிஞ்சியது 14-க்குப் பதில் 2.

புதிதாக ஆடுபவர்கள் செய்யும் பெரும்பிழை இந்த இரண்டாவது எடுத்துக்காட்டில் இருக்கிறது. பாசறையிலிருந்து வெளிவரும் வீரர்களை வந்த கையோடு எதிரியின் ஊருக்கு நடக்கவிட்டு, “நூறு பேர் அனுப்பினேன், ஒண்ணும் ஆகல” என்று சொல்வார்கள். அவர்கள் நூறு பேரை அனுப்பவில்லை. ஐந்து பேரை இருபது முறை அனுப்பினார்கள். தனுஷ்கோடிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இருபது பேர் கயிற்றைப் பிடித்தால் இருபது கையும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும். ஆளுக்கொரு முறை என்று இழுத்தால் பொழுது சாயும்வரை இழுத்தாலும் வலை நகராது.

3. விலையையும் சேர்த்துக்கொள்வோம். ஒரு பெருவீரனின் விலை நான்கு சிறுவீரருக்குச் சமம். ஒரே செலவில் ஒரு பக்கம் 5 பெருவீரர், மறுபக்கம் 20 சிறுவீரர். திறந்த களத்தில் இருவரும் சமமாக நிற்க, பெருவீரனின் தரம் நான்கு மடங்கு இருந்தால் போதாது. பதினாறு மடங்கு இருக்க வேண்டும். உயிரில் நான்கு மடங்கு, அடியிலும் நான்கு மடங்கு இருந்தால்தான் அது கிடைக்கும். உயிரும் அடியும் மும்மூன்று மடங்குதான் என்றால் தரம் 9; பெருவீரர் வலு 9 × 25 = 225, சிறுவீரர் வலு 400. சிறுவீரர் 13 பேர் மிஞ்ச, பெருவீரர் ஐவரும் அழிவர்.

இதோடு இன்னொரு இலாபமும் மொய்ப்புக்கு உண்டு. 100 அடிக்கும் பீரங்கி 35 உயிருள்ள ஒன்றைச் சுட்டால் 65 வீண். மேலும் பத்துப் பீரங்கிகளும் கண்ணில் முதலில் பட்ட அதே ஒன்றைக் குறிவைத்தால், ஒன்பது குண்டுகள் செத்த பாம்பை அடித்ததாகும். விலையுயர்ந்த படை மொய்ப்பின் எதிரே திகைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே படையைப் பாம்பன் பாலத்தில் நிறுத்தினால்

லாஞ்செஸ்டரின் மற்றொரு விதி நேர்கோட்டு விதி. ஒருவனை ஒருவன் மட்டுமே எதிர்கொள்ள முடிகிற குறுகிய இடத்தில் எண்ணிக்கை ஒருமுறைதான் எண்ணப்படும், வர்க்கம் கிடையாது.

1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. விடுமுறை நாளில் சுற்றுலா வேன் ஒன்று கடலையும் இரயில் பாலத்தையும் பார்க்க நடுப்பாலத்தில் நின்றுவிட்டால், அதன் பின்னே மண்டபம் பக்கம் திரும்பி நிற்கும் வண்டிகள் நூறா இருநூறா என்பதற்குப் பொருளே இல்லை. முன்னால் நிற்பது ஒரு வண்டிதான்.

மேலே சொன்ன 5 பெருவீரரையும் 20 சிறுவீரரையும் அப்படியே இந்தப் பாலத்தில் மோதவிட்டால், பெருவீரர் வலு 9 × 5 = 45; சிறுவீரர் வலு 20. இப்போது பெருவீரர் வெல்கிறார்கள். அதுவும் மூவர் ஏறத்தாழ முழுதாக நிற்க. ஒரு வீரன்கூட மாறவில்லை, ஒரு காசும் கூடவில்லை. நின்ற இடம் மாறியது, முடிவு தலைகீழானது.

அதனால்தான் அனுபவமுள்ள புரோட்டாஸ் ஆட்டக்காரர், ஜெர்க்ளிங் கூட்டம் வருவதைக் கண்டதும் தன் ஜெலட்டுகளைத் திறந்த வெளிக்கு அனுப்பாமல், தாதுக் குவியலுக்கும் கட்டடத்துக்கும் இடையே முதுகு மறைய நிறுத்துகிறார். ஏறுபாதையின் உச்சியில் கட்டடங்களை நெருக்கி வைத்து ஓராள் நுழையும் இடைவெளி மட்டும் விடுவதும் இதே நோக்கில்தான். கோட்டை வாசலைக் குறுக்கிக் கட்டிய பழைய கட்டடக் கலைஞர்கள் லாஞ்செஸ்டரைப் படித்தவர்கள் அல்லர். கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சூடைக் கூட்டமும் மடிவலையும்

இடத்தைக் குறுக்குவது ஒரு வழி. மற்றொரு வழி, ஒரே அடியில் பலரைத் தொடுவது. இதை ஆடுபவர்கள் ‘ஸ்பிளாஷ்’ என்பார்கள். பரப்படி என்று சொல்லலாம்.

மன்னார் வளைகுடாவில் சூடை மீன்கள் ஆயிரக்கணக்கில் திரளாகத் திரிவதற்குக் காரணம் உண்டு. பாரை ஒன்று பாய்ந்து வரும்போது, எதைக் குறிவைப்பது என்று அதற்குப் பிடிபடாதபடி கூட்டம் கலைந்து கலைந்து கூடும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஓரிரண்டு போகும், மீதி தப்பும். ஒற்றை வாயால் ஒற்றை இரையைப் பிடிக்கும் எதிரியிடம் கூட்டமே கவசம். ஆனால் வள்ளத்தில் போய் அரைவட்டமாக வலையை இறக்கிவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு அணியாக இழுக்கத் தொடங்கினால், அணிகள் ஒன்றையொன்று நெருங்க நெருங்கக் கூட்டமும் உள்ளே நெருங்கும். மடி மணலேறும்போது அத்தனையும் அதற்குள் துள்ளும். பாரையிடமிருந்து காத்த அதே நெருக்கம்தான் வலைக்குக் கைகொடுத்தது. தனித்தனியாகத் திரியும் மீனைப் பிடிக்க யாரும் கரைவலை போடுவதில்லை.

விளையாட்டுகளிலும் பரப்படியின் குணம் இதுவே. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் கல்லெறியும் மாங்கனெல், விழுந்த இடத்தைச் சுற்றி நிற்கும் எல்லோரையும் தாக்கும். சொந்த ஆட்களையும் விட்டுவைக்காது. 2010-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2-இல் ஜெர்க்ளிங்கையே உருமாற்றி, ஓடிப்போய் வெடிக்கும் பேன்லிங் ஆக்கலாம். ஜெர்க்ளிங் கூட்டத்துக்கு எமன் ஜெர்க் இனத்துக்குள்ளேயே பிறக்கிறது. கைப்பேசியில் பலரும் ஆடும் கிளாஷ் ராயலில் இந்த வரவு செலவு இன்னும் பளிச்சென்று தெரியும். 7 எலிக்சிர் (அந்த ஆட்டத்தின் நாணயம்) விலையுள்ள கவசப் பெருவீரன் பெக்காவை, 3 எலிக்சிர் விலையுள்ள எலும்புக்கூட்டுப் படை சூழ்ந்து தின்றுவிடும். அந்தப் படையை 2 எலிக்சிர் விலையுள்ள உருளைக் கட்டை ஒரே உருட்டில் துடைத்துவிடும். உருளைக் கட்டை போன்ற ஒன்று தன் கையில் இல்லாதவர் பெக்காவை யோசித்துத்தான் இறக்க வேண்டும்.

கடல்போல் ஆர்ப்பரிக்கும் எலிக்கூட்டம் நாகத்தின் ஒரு மூச்சுக்குத் தாங்காது என்று படையைப் பற்றிப் பேசும் பழந்தமிழ் உவமை ஒன்று உண்டு. பரப்படிக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைப்பது கடினம். ஆனால் நாகம் மூச்சு விடும்வரை எலிகள் காத்திருக்குமா என்பதுதான் ரஷ் எழுப்பும் எதிர்க்கேள்வி. உத்தி விளையாட்டுகளில் பரப்படி யூனிட்டுகள் பெரும்பாலும் ஆட்டத்தின் நடுப்பகுதியில்தான் கைக்கு வரும். மூன்றாவது நிமிடத்தில் வாசலில் நிற்கும் கூட்டத்துக்கு அவை பதிலாகா.

ஒரு புள்ளியில் தொங்கும் உயிர்

கவசம் பெரும்பாலான விளையாட்டுகளில் கழித்தல் கணக்கு. 70 அடியிலிருந்து 1 கழிந்தால் 69, யாருக்கும் தெரியாது. 5 அடியிலிருந்து 1 கழிந்தால் 4. ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. சிறுசிறு அடிகளாகப் பிரித்து அடிக்கும் படைக்கே கவசம் அதிக நட்டம்.

ஜெலட்டுக்கும் ஜெர்க்ளிங்குக்கும் இடையே இந்த ஒற்றைப் புள்ளி செய்யும் வேலை பேர்பெற்றது. ஜெலட்டின் ஒரு வீச்சு 16. இரண்டு வீச்சுக்கு 32. ஜெர்க்ளிங்கின் உயிர் 35. மூன்று புள்ளி மிச்சம்; மூன்றாவது வீச்சு தேவை. புரோட்டாஸ் தன் ஆயுதத்தை ஒரு படி கூர்மையாக்கினால் ஒவ்வொரு வாளுக்கும் 1 கூடி, வீச்சு 18 ஆகும். இரண்டு வீச்சில் 36. ஜெர்க்ளிங் இரண்டாவது வீச்சிலேயே சாகும். ஒரே நேரத்தில் ஒன்றரை மடங்கு ஜெர்க்ளிங்குகள் விழும். இதற்கு மறுமொழியாக ஜெர்க் தன் தோலை ஒரு படி தடிப்பாக்கினால், வாளுக்கு ஒன்று கழிந்து வீச்சு மீண்டும் 16. மீண்டும் மூன்று வீச்சு. உயிர் குறைந்த யூனிட்டுகளை நம்பி ஆடுபவர், எதிரியின் ஆயுதச் சாலையில் ஓடும் கடிகாரத்தைத் தன் படையைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

தமிழ் வாசகர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று. 2022 ஏப்ரலில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் திராவிடர் என்ற தரப்பு சேர்க்கப்பட்டது. அவர்களின் தனி வீரன் சுருள்வாள் சுழற்றுபவன். வலு ஏறியதும் அவன் அடிக்கும் முதல் அடி சுற்றியிருப்போர் மீதும் பரவும். அவர்களுக்கே உரிய உருக்கு எஃகு ஆய்வை முடித்தால், காலாட்படையின் அடி எதிரியின் கவசத்தைக் கணக்கில் கொள்வதே இல்லை. மொய்ப்புக்கு எதிரான ஆயுதமும் மொய்ப்பின் பெருங்குறைக்கு மருந்தும் ஒரே தரப்பிடம் இருப்பதாக இதைப் பார்க்கலாம்.

மலிவு உண்மையில் எவ்வளவு?

விலைப்பட்டியலில் இரண்டுக்கு 50 என்று எழுதியிருப்பதால் ஒரு ஜெர்க்ளிங்கின் விலை 25 ஆகிவிடாது. ஆட்டத் தொடக்கத்தில் கையில் இருப்பது 50 தாதுவும் நான்கு தொழிலாளிகளும். ஒரு தொழிலாளியின் விலை 50. முற்றிய ரஷ் ஆடுபவர், தொழிலாளியைப் பெருக்காமல் இருக்கும் நால்வரை வைத்தே 200 தாது சேர்த்து, ஜெர்க்ளிங் பிறக்கத் தேவையான குளத்தைக் கட்டுவார். முதல் ஆறு ஜெர்க்ளிங்குகளுக்கு 150.

அந்த 150-க்கு மூன்று தொழிலாளிகள் வந்திருப்பார்கள். ஒரு தொழிலாளி நிமிடத்துக்கு 60 தாது அள்ளுவதாக வைத்துக்கொண்டால், மூவரும் மூன்று நிமிடத்தில் 540 கொண்டுவந்திருப்பார்கள். அதை ஆறால் வகுத்தால், மூன்றே நிமிடத்தில் ஒரு ஜெர்க்ளிங்கின் விலை 90. ஆட்டம் நீள நீள இந்த விலை ஏறிக்கொண்டே போகும். விதை நெல்லைக் குத்திச் சோறாக்குவது என்பது இதுதான். அன்றைய பசி தீரும். அடுத்த பருவம் தரிசு. எனவே ரஷ் எதிரியைச் சாய்க்க வேண்டும், அல்லது எதிரியின் தொழிலாளிகளில் அதே அளவுக்காவது சேதம் செய்ய வேண்டும். ‘ஐந்து பேரைக் கொன்றுவிட்டேன்’ என்ற நிறைவு போதாது. கொன்றது தொழிலாளியையா படைவீரனையா என்று பார்க்க வேண்டும்.

ஆட்டத்தின் மறுமுனையில் வேறொரு விலை வருகிறது. ஸ்டார்கிராஃப்ட்டில் படையின் மொத்தக் கொள்ளளவு 200. ஒரு ஜெர்க்ளிங் அரை இடம் பிடிக்கும். யானைபோன்ற அல்ட்ராலிஸ்க் நான்கு இடம். கொள்ளளவு நிரம்பும்வரை தாதுதான் நாணயம். நிரம்பிய பிறகு இடமே நாணயம். வள்ளத்தின் ஐஸ் பெட்டி காலியாக இருக்கும்போது காரலும் சூடையும் இலாபம்தான். பெட்டி நிரம்பியபின் வஞ்சிரம் மாட்டினால், எதை வெளியே எடுப்பது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

மூன்றாவது விலை கவனம். புரூட் வாரில் ஒரே நேரத்தில் 12 யூனிட்டுகளைத்தான் தேர்ந்தெடுத்து ஆணையிட முடியும். 48 ஜெர்க்ளிங்குகளை நகர்த்த நான்கு முறை கை போக வேண்டும். ஸ்டார்கிராஃப்ட் 2 இந்தத் தடையை எடுத்துவிட்டது. மொய்ப்பு உண்மையில் மலிவானது அப்போதுதான் என்பது என் கருத்து.

விளையாட்டை வடிவமைப்பவர்களும் தங்கள் பங்குக்குப் பூட்டுப் போடுகிறார்கள். வார்கிராஃப்ட் 3-இன் 2003 விரிவாக்கத்தில் படை 50 உணவை (படையின் அளவைக் குறிக்கும் எண்) தாண்டினால் பொன் வருமானத்தில் 30 விழுக்காடு பிடிக்கப்படும். 80-ஐத் தாண்டினால் 60 விழுக்காடு. இதற்கு நேரெதிராக, மொய்ப்பையே ஒரு தரப்பின் அடையாளமாக வைத்ததும் உண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் கோத் தரப்பின் காலாட்படை மலிவு, பாசறை வேகம் அதிகம், கடைசி யுகத்தில் கொள்ளளவும் பத்து கூடும். செத்தவனின் இடத்தில் மற்றவன் வந்து நிற்கும் வேகம்தான் அவர்களின் ஆயுதம்.

ஏமாற்று வேலையா?

நண்பர்கள் கூடி ஆடும்போது ‘பத்து நிமிஷம் ரஷ் கிடையாது’ என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம். பொழுதுபோக்குக்கு அது சரி. ஆனால் அந்த ஒப்பந்தம் ஆட்டத்தின் ஒரு காலை ஒடித்துவிடுகிறது. நிலைமையை இப்படி வைத்துப் பார்க்கலாம்:

1. பேராசைக்காரர் படையே இல்லாமல் தொழிலாளியை மட்டும் பெருக்குகிறார்.
2. நிதானக்காரர் கொஞ்சம் படை, கொஞ்சம் தொழிலாளி என்று போகிறார்.
3. முந்தியடிப்பவர் எல்லாவற்றையும் முதல் பாய்ச்சலில் போடுகிறார்.

பேராசைக்காரர் நிதானக்காரரை வெல்வார், ஏனென்றால் இருபதாவது நிமிடத்தில் அவர் படை பெரிது. நிதானக்காரர் முந்தியடிப்பவரைத் தடுத்து நிறுத்துவார். முந்தியடிப்பவர் பேராசைக்காரரை நாலாவது நிமிடத்தில் முடிப்பார். மூன்றாமவரை விதியால் வெளியேற்றினால், மீதமுள்ள இருவரில் பேராசைக்காரரே எப்போதும் வெல்வார். அப்புறம் ஒற்றன் அனுப்பி எதிரி என்ன கட்டுகிறார் என்று பார்க்கும் தேவையே இல்லை. ரஷ் ஆடப்படாத ஆட்டங்களிலும், வரக்கூடும் என்ற அச்சமாக அது ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

தென் கொரியாவின் தொழில்முறைப் போட்டிகளிலேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 2004-இல் ஓஎஸ்எல் என்ற ஸ்டார்கிராஃப்ட் போட்டியின் அரையிறுதியில் டெர்ரன் ஆட்டக்காரர் லிம் யோ-ஹ்வான், ஜெர்க் ஆட்டக்காரர் ஹாங் ஜின்-ஹோவை மூன்று ஆட்டங்களிலும் ஒரே தந்திரத்தால் வென்றார். தொடக்கத்திலேயே தொழிலாளிகளோடும் மரீன் எனப்படும் சில டெர்ரன் வீரர்களோடும் போய், எதிரியின் வாசலிலேயே பதுங்கரண் கட்டினார். பெரிய மோதலை எதிர்பார்த்து வந்த இரசிகர்களுக்கு ஏமாற்றம். ஆனால் முதல் ஆட்டத்தில் அடிவாங்கிய பிறகும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அதற்கு இடம் கொடுத்தது எதிரேயிருந்தவரின் தேர்வு. அதை ஏமாற்று என்று சொல்ல இடமில்லை.

செய்தியில் வரும் மொய்ப்புக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?

பாதி பொருந்தும். கூட்டமாக ஒரே நேரத்தில் வந்தால்தான் வலு, தவணையில் வந்தால் வீண் என்பது வானத்துக்கும் பொருந்தும். பரப்படியே மாற்று என்பதும் பொருந்தும். பொருந்தாத இடம் ஒன்று முக்கியமானது: பெரும்பாலான விளையாட்டுகளில் காவல் கோபுரத்தின் அம்புக்கு விலை கிடையாது. ஒருமுறை கட்டிவிட்டால் ஆயிரம் அம்பும் இலவசம். எனவே கோபுரத்தின் முன் செத்த ஒவ்வொரு சிறுவீரனும் அனுப்பியவருக்கே நட்டம். நிஜத்தில் இடைமறிக்கும் ஒவ்வோர் ஏவுகணைக்கும் விலை உண்டு, இருப்புக்கு எல்லையும் உண்டு. 2024 ஏப்ரலில் ஈரான் ஒரே இரவில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆளில்லா விமானங்களையும் ஏவுகணைகளையும் இஸ்ரேல் மீது ஏவியபோது பெரும்பாலானவை வழியிலேயே வீழ்த்தப்பட்டன. ஆனாலும் வீழ்த்த ஆன செலவைப் பற்றிய பேச்சு அதோடு சேர்ந்தே எழுந்தது. இலக்கைத் தொடாமலே மொய்ப்பு தன் வேலையில் ஒரு பங்கை முடித்துவிட முடியும்.

குண்டுக்கும் விலை உண்டு என்ற இந்தக் கணக்கைச் சுமக்கும் யூனிட் புரூட் வாரில் ஒன்று உண்டு. புரோட்டாஸ் இனத்தின் ரீவர், பரப்படி கொடுக்கும் ஊர்ந்து செல்லும் குண்டுகளை ஏவும். ஒவ்வொரு குண்டுக்கும் 15 தாது தனியாகச் செலவாகும். 25 தாது ஜெர்க்ளிங்கில் நான்கைந்தை ஒரே குண்டு எடுத்துக்கொண்டு போனால் கொள்ளை இலாபம். சில வேளை குண்டு வழியில் சிக்கி வெடிக்காமலே போகும். அப்போது 15 தண்ணீரில் போட்டதுதான். கூடுதல் ஆய்வு செய்யாத ரீவரின் வயிற்றில் ஒரு நேரத்தில் ஐந்து குண்டுகளே இருக்கும். ஒன்று போனால் மற்றொன்றை உள்ளேயே செய்துகொள்ள நேரம் பிடிக்கும். ஐந்தும் தீர்ந்து ஆறாவது உருவாகும் இடைவெளியில் வந்து சேரும் ஜெர்க்ளிங்குக்கு, முன்னால் செத்துக் கிடக்கும் இருபதும்தான் வழி வெட்டிக் கொடுத்தவை.